சவுக்குக் கொல்லையும் ஒரு பொய் மேடும்

கடலூர் மாவட்டத்தில் பரவனாற்றுப் பக்கம் ஓர் ஊருக்கு வெள்ளம் வடியும் வழியை ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். ஊருக்குக் கிழக்கே நீளமாக ஒரு மேடு, தண்ணீர் அதில் முட்டி வடக்கே திரும்பும் என்றது படம். மடிக்கணினியை எட்டிப் பார்த்த பெரியவர் சிரித்துவிட்டார். "மேடா? அது சவுக்குக் கொல்லை தம்பி. மரம் வெட்டிப் பல வருஷமாச்சு. வெள்ளம் வந்தா மொதல்ல அங்கதான் முழங்கால் தண்ணி நிக்கும்."

நான் எடுத்திருந்தது இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் ரேடாரில் அளந்தது. அடர்ந்த தோப்பில் அந்த ரேடார் அலை தரை வரை இறங்காது, மேலேயே திரும்பிவிடும். அன்று நின்ற சவுக்கை வெட்டி விற்றாகிவிட்டது, படத்தில் மட்டும் இன்னும் நிற்கிறது. மலைப்பக்கம் என்றால் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. கடலூர்க் கடலோரத்தில் ஒரு மீட்டர் ஏற்ற இறக்கம்தான் ஊர் முழுகுமா தப்புமா என்பதையே தீர்மானிக்கிறது.

அதற்காக ஜிஐஎஸ்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 2015 வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டபோதும் வானம் முழுக்க மேகம். சாதாரண செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்களுக்கு மேகம் ஒரு தடையே இல்லை. அசையாத தண்ணீர் கண்ணாடி போல அலையை வேறு பக்கம் எறிந்துவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். (நாற்று நட்ட வயலும் அப்படித்தான் விழும். மழைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் எண்ணினால் வயலெல்லாம் வெள்ளக் கணக்கில் சேர்ந்துவிடும்.) அந்தக் கறுப்பின் மேல் பழைய கிராம வரைபடத்தைப் பொருத்திப் பாருங்கள். பல இடங்களில் தண்ணீர் நின்ற கோடும் காணாமல் போன வாய்க்கால் கோடும் ஒன்றாகவே இருக்கும்.

மனை வாங்குகிறவர்கள் இதைச் செய்ய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கிராம வரைபடத்தில் ஓடைக்கும் வாய்க்காலுக்கும் பெரும்பாலும் தனி சர்வே எண் இருக்கும், அது புறம்போக்கா என்று கிராமத்தின் நில விவரங்கள் உள்ள அ-பதிவேடு சொல்லும். கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அப்புறம் அந்தத் தெருவுக்கே போய், வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவர் தன் வீட்டுச் சுவரில் 2015 வெள்ளக் கறையைக் காட்டினார். டேப் பிடித்தோம், மூன்றடி. படத்தைத் திருத்தியபோது அதையும் ஒரு லேயராக, அதாவது தனி அடுக்காகச் சேர்த்தேன். பெயர், 'சுவர்க்கறை'.