போர்டில் பார்ட்ஸை இடம் மாற்றும் முன்

பழைய கெப்பாசிட்டர் உப்பிவிட்டது. கடையில் அதே வோல்டேஜ், அதே மைக்ரோஃபாரட் கிடைத்தது, ஆனால் உருவம் பெரிது, போர்டில் உட்காரவில்லை. உடனே இரண்டு வயரை இழுத்து, காலியாகத் தெரிந்த இடத்தில் சாய்த்து ஒட்டிவிடுகிறார்கள். சர்வீஸுக்கு வரும் டிவி, அடாப்டர் போர்டுகளில் இந்தக் கைவேலையை அடிக்கடி பார்க்கிறேன். சிலவற்றில் தப்பில்லை. சில ஆளையே காவு வாங்கக்கூடியவை.

பவர் சப்ளை போர்டைத் திருப்பிப் பாருங்கள். டிராக்கே (கரண்ட் ஓடும் செம்புக் கோடு) இல்லாத ஒரு பட்டை குறுக்கே ஓடும். சில போர்டுகளில் அங்கே நீளமாக வெட்டியும் விட்டிருப்பார்கள். அது மிச்சம் விழுந்த இடம் கிடையாது. அதற்கு ஒரு பக்கம், 230 வோல்ட் ஏசி, அதை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டி சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. மறுபக்கம் நாம் கையால் தொடும் 5 வோல்ட், 12 வோல்ட். பொதுவாக நடுவில் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல் இடைவெளி விட்டிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் என்று இதற்கென்றே செய்த பார்ட்ஸ்தான் அதைக் கடக்கலாம். இந்தப் பட்டையின் மேல் ஒரு கெப்பாசிட்டரைப் படுக்க வைத்தாலோ, ஜம்பர் வயரைக் குறுக்கே விட்டாலோ, அந்த இடைவெளி ஒரு வயரின் தோல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒய் கெப்பாசிட்டருக்குப் பதிலாக, பார்க்க அதே மாதிரி இருக்கும் சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டரைப் போடுவதும் இதே வகை விபரீதம். அது ஷார்ட் ஆனால், சார்ஜர் வயரின் உலோக முனையில் மெயின் கரண்ட் வந்து நிற்கும். போன் வழக்கம்போல் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, எதைத்தான் நகர்த்தலாம்? இண்டிகேட்டர் எல்இடி, சுவிட்ச், ஸ்பீக்கர் எல்லாம் தாராளமாக. ஹீட் சிங்கை ஒட்டி வெந்துகொண்டிருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரைச் சற்றுத் தள்ளி வைப்பது உண்மையில் நல்ல காரியம்; சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் அதன் கால் கம்பியை நீளமாக இழுக்காதீர்கள். அதிவேகமாக சுவிட்ச் ஆகும் சப்ளையில் நீண்ட வயரே ஒரு காயில் மாதிரி நடந்துகொள்ளும், ஃபில்டர் வேலை பாதியாகிவிடும். ஐசியின் காலடியில் இருக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், கிறிஸ்டல் இரண்டையும் தொடவே வேண்டாம்.

நகர்த்திய பார்ட் ஆடாமல் இருக்க சிலிக்கான் வைப்பார்கள். வினிகர் வாடை அடிக்கும் பாத்ரூம் சிலிக்கான் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை வாங்குங்கள்.

பேட் (பார்ட்டின் கால் சால்டர் ஆகும் செம்புத் திட்டு) பெயர்ந்து வருவதற்கு முக்கியக் காரணம் அவசரம். 63/37 லெட் (63% வெள்ளீயம், 37% ஈயம் கலந்த சால்டர்) 183 டிகிரியில் உருகும். இப்போதைய ஈயமில்லாத சால்டர் ஏறக்குறைய 217 டிகிரியில்தான் இளகத் தொடங்கும். 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்து அழுத்தி, நெம்பி இழுத்தால் பேட் கையோடு வந்துவிடும். ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக உருகி ஒட்ட உதவும் பசை) தடவி, பழைய சால்டரின் மேல் கொஞ்சம் சாதாரண லெட்டைக் கலந்து உருக்குங்கள். அப்புறம் பம்ப்பில் உறிஞ்சினால் கால் தானாகக் கழன்றுவரும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது லெட் வயரைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கத்தைச் சீனியர்களிடமும் பார்க்கிறேன். அது ஈயம், சாமி! சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஃபிளக்ஸ் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும், முகத்தை விட்டு விலகும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், இன்சுலேஷன் போட்ட 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வேலை முடிந்ததும், பிளக் பின்களுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். பஸ்ஸர் கத்தினாலோ, கிலோ ஓம் கணக்கில் ஏதாவது காட்டினாலோ கரண்ட் கொடுக்க வேண்டாம். ஒன்றும் காட்டவில்லை என்றால், முதல் தடவை 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு ஆன் செய்யுங்கள். ஒரு முறை மின்னி மங்கினால் பரவாயில்லை. விடாமல் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே பிடுங்கிவிடுங்கள்.