கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஆதார் நகல் கேட்கிறார்களா?

பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் விவசாயிகளிடம் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட், சந்தை விலை சொல்லும் ஆப். பெயர், போன் நம்பர், ஆதார் நகல் வாங்கிப் போனார்கள். மார்க் கிடைத்துவிட்டது. விவரம் ஏற்றிய ஷீட் மட்டும் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கும்படி கிடந்தது. நானே திறந்து பார்த்தேன். பழகிய அண்ணன் ஒருவரின் ஆதார் எண், பன்னிரண்டு இலக்கமும் அப்படியே இருந்தது. தொழில் நெறிமுறைப் பரீட்சையில் அந்தரங்க உரிமைக்கு விளக்கம் எழுதிப் பாஸான பிள்ளைகள்தான்.

அண்ணனோடு கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர், ப்ராஜெக்டை வழிநடத்திய ஆசிரியரான கைடைக் கைகாட்டினார். கைடு, "பசங்க முடிச்சுப் போயிட்டாங்களே" என்றார்.

இதற்கென்றே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் சம்மதம், அழிக்கச் சொல்லும் உரிமை எல்லாம் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகின்றன. அதற்கு முன்னால் யாராவது "போர்டுக்கு (இந்தச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம்) எழுதிப் போடு" என்றால் அலையாதீர்கள்.

அமலுக்கு வந்த பிறகும் சிக்கல் உண்டு. நேரே போர்டுக்குப் போக முடியாது. விவரம் வாங்கியவரிடம் முதலில் புகார் கொடுக்க வேண்டும், அவர் 90 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சு வேண்டாம், கல்லூரி முதல்வர் பெயருக்கே ஸ்பீட் போஸ்ட், ரசீது பத்திரம். பொய்ப் புகார் என்றால் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்.

"பேப்பரில்தானே எழுதினோம்" என்பார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய நிமிடமே சட்டம் பொருந்தும். "கையெழுத்துப் போட்டீர்களே" என்பார்கள். எதற்கு, என்னென்ன விவரம் என்று சொல்லாமல் வாங்கியது சம்மதமே இல்லை. கேட்டால் அந்த விளக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். தேவைக்கு மிஞ்சி வாங்கியதற்கும் சம்மதம் செல்லாது. தக்காளி விலைக்கு ஆதார் எதற்கு? 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் சர்வே எடுப்பவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

இப்போதைக்கு, கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள்.

ஆசிரியர்களே, மார்க்கில் கொஞ்சத்தை இதற்கு வையுங்கள்: சம்மதப் படிவத்தைப் பிள்ளைகளே தமிழில் எழுதி, ஒரு விவசாயியிடம் படித்துக் காட்டட்டும். ரிவியூ அன்று உங்கள் கண் முன்னால் ஷீட்டை அழித்து, அவருக்கு போன் போட்டு "அழிச்சிட்டோம்ங்க" என்று சொல்லட்டும்.