கப்சாயில் இருப்பதுதான் காருக்குள்ளும்: சீக்குவென்ஷல் கியர்பாக்ஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் சீக்குவென்ஷல் கியர்பாக்ஸ், அதாவது கியர்கள் வரிசைப்படி ஒவ்வொன்றாக மட்டுமே மாறும் பெட்டி, இல்லாத வீடு குறைவு. செம்பனைக் காட்டுக்குள் போய்வரும் கப்சாய் என்ற சின்ன மோட்டார்சைக்கிளிலும் தம்பிகள் ஓட்டும் யமஹா ஒய்15-இலும் இருப்பது அதுதான். மிதியை ஒருமுறை அழுத்தினால் ஒரு கியர். இரண்டிலிருந்து நேராக நான்குக்குத் தாவ முடியாது. பழைய புரோட்டோன் சாட்ரியா ஜிடிஐ காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்கள் இதையே காரிலும் போட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எந்த வேகத்துக்காகக் காசு கொடுக்கிறோம் என்று முதலில் தெரியவேண்டும்.

லீவரை இழுக்கும்போது உள்ளே ஓர் உருளை குறிப்பிட்ட கோணம் மட்டும் திரும்புகிறது. அதை டிரம் என்பார்கள். அதன் மேல் வளைந்து வளைந்து காடி (நீள்பள்ளம்) வெட்டியிருக்கும். காடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஃபோர்க் எனும் கவட்டைகள் அந்த வளைவுக்கேற்ப நகர்ந்து, ஒரு கியரை விடுவித்து அடுத்ததைப் பிடிக்க வைக்கின்றன. கை தடுமாறி ஐந்தாவதிலிருந்து இரண்டாவதில் போட்டு இன்ஜினை உடைக்கும் விபத்து இதில் நடக்காது. டிரம்மால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

வேகம் வருவது வேறு இடத்திலிருந்து. சாதாரண காரில் சின்க்ரோ வளையம் உரசி, இரண்டு பக்கத்துச் சுழற்சியையும் சமமாக்கிய பிறகுதான் கியர் விழும். பந்தயப் பெட்டியில் அந்த வளையம் கிடையாது. அதற்குப் பதில் டாக் எனப்படும் தடித்த பற்கள், இடையிடையே அகலமான இடைவெளியோடு இருக்கும். சுழற்சி சமமாகாவிட்டாலும் ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்துவிடும். பல்லின் பக்கத்தை லேசாக உள்சரிவாக வெட்டியிருப்பார்கள். அதனால் இன்ஜின் இழுக்க இழுக்கப் பிடி இறுகும். இறுகிய பிடியை விடுவிக்க இழுவையை ஒரு கணம் நிறுத்தியாகவேண்டும். லீவரில் உள்ள உணரி கை அழுத்தத்தை அறிந்ததும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு பற்றவைப்பை நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நிறுத்துகிறது. அதற்குள் கியர் மாறிவிடும், கிளட்சை மிதிக்கவே வேண்டாம்.

ஆகவே பட்ஜெட் சிறியதென்றால், பழைய பெட்டிக்குள்ளேயே டாக் கியர் செட் போட்டு வழக்கமான லீவரை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வேகத்தில் பெரும்பங்கு அதிலேயே கிடைத்துவிடும்.

முழுப் பெட்டிதான் என்று முடிவானால், முதலில் அது தாங்கும் டார்க் (திருகு விசை) அளவைப் பாருங்கள். இன்றைய இன்ஜினுக்கல்ல, நாளை டர்போ ஏற்றினால் வரப்போகும் டார்க்குக்கு. அப்புறம் கியர் விகிதம், அதாவது பெட்டியின் வெளியே ஒரு சுற்று வர இன்ஜின் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்ற கணக்கு. 7500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7500 சுற்று) இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறுகிறீர்கள் என்று வையுங்கள். விகிதங்கள் 1.9, 1.4 என்றால் இன்ஜின் சுமார் 5500-க்கு இறங்கும். மூன்றாவது 1.55 ஆக இருந்தால் 6100-இலேயே நிற்கும். உச்சியில் மட்டும் இழுக்கிற இன்ஜினுக்கு அந்த 600 பெரிய வித்தியாசம். ஆனால் நெருக்கமான விகிதப் பெட்டிகளில் முதல் கியரே நீளமாக, அதாவது மெதுவாக ஊர்வதற்கு ஒத்துவராததாக, இருப்பது வழக்கம். பசார் (சந்தை) முன்னால் நெரிசலில் ஊர்ந்தால் கிளட்ச் தேயும். நேராக வெட்டிய பற்களின் ஊளைச் சத்தம் காதைத் துளைக்கும். தினமும் வேலைக்குப் போகிற காருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். ரோட்டில் ஓடும் வண்டியென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்துவதில் பட்டறைக்காரரின் பொறுமைதான் முக்கியம். கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் கூடான பெல் ஹவுசிங், இன்ஜின் மையத்தோடு சரியாக நிற்கிறதா என்று டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவி வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத விலகலே இன்ஜினிலிருந்து பெட்டிக்குள் வரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்கைத் தின்றுவிடும். டிரம்மின் நிலையைச் சொல்லும் உணரியை ஒவ்வொரு கியரிலும் நிறுத்தி ஈசியுவுக்குப் பழக்கவேண்டும். இழுவை நிறுத்தம் குறைவாக இருந்தால் கியர் விடாது, அதிகமானால் கார் குலுங்கும். கியரைக் குறைக்கும்போதோ கதை தலைகீழ்: ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தட்டி இன்ஜின் சுழற்சியை ஏற்றவேண்டும்.

லீவரைத் தயங்கித் தயங்கி நகர்த்துவதுதான் டாக்குக்குப் பெரிய எதிரி. பாதி பிடித்துப் பாதி வழுக்கும்போது பல்லின் ஓரம் மழுங்கும். அப்புறம் முழுச் சுமையில் கியர் தானாகவே வெளியே துள்ளும். பந்தயத்துக்குப் பந்தயம் எண்ணெயை வடித்து, வடிகால் திருகிலுள்ள காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பானது. விரலில் குத்துகிற சில்லு கிடைத்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன் பெட்டியைக் கழற்றியே ஆகவேண்டும்.