தொப்புள்கொடி வெட்டப்பட்ட பிறகு தொடங்கும் நடுக்கம்

தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் நஞ்சுக்கொடி, ஆக்சிஜனையும் சத்துகளையும் கடத்திவிட்டுப் பெரும்பாலான கிருமிகளைத் தடுத்துவிடுகிறது. ஆனால் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகளை அதனால் தடுக்க முடிவதில்லை. தாய் எடுத்துக்கொள்ளும் ஹெராயின், மார்ஃபின், மெத்தடோன் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபினி வகைப் பொருள்கள், கருவின் மூளையைச் சென்றடைவது இந்த வழியில்தான்.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்னும் சிறு நரம்பணுத் திரள் இருக்கிறது. நோர்அட்ரினலினைச் சுரந்து உடலை விழிப்பாக வைத்திருப்பது அதன் வேலை. ஓபியாய்டு அந்த நரம்பணுக்களின் ஏற்பிகளில் பொருந்தி அவற்றை அடக்குகிறது. அடக்குதல் வாரக்கணக்கில் நீடிக்கும்போது, நரம்பணு தனக்குள் நிகழும் வேதிவினைகளை முடுக்கி அதை ஈடுசெய்யப் பழகிக்கொள்கிறது. பிரசவத்தில் தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் ஓபியாய்டின் வரத்து நின்றுவிடுகிறது. முடுக்கப்பட்ட வேதிவினைகளோ உடனே தணிவதில்லை. நோர்அட்ரினலின் பெருகுகிறது. குழந்தை கீச்சென்று வீறிடுகிறது, கைகால்கள் நடுங்குகின்றன, வியர்க்கிறது, அடிக்கடி தும்முகிறது, பால் குடிக்கத் திணறுகிறது. ஹெராயின் என்றால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலும், உடலில் நெடுநேரம் தங்கும் மெத்தடோன் என்றால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும் இவை தலைகாட்டுகின்றன.

இத்தகைய குழந்தையைப் 'போதைக்கு அடிமையாகப் பிறந்தது' என்று சொல்வது அறிவியல்படி தவறு, அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதியும்கூட. தீங்கு நேரும் என்று தெரிந்தும் ஒரு பொருளைத் தேடித்தேடிப் பயன்படுத்துவதே அடிமைத்தனம். குழந்தையிடம் இருப்பது உடல் சார்ந்த பழக்கப்பாடு மட்டுமே.

1970களில் மருத்துவர் லோரெட்டா ஃபின்னகன் உருவாக்கிய மதிப்பெண் முறை, தும்மல், கொட்டாவி உட்பட ஏறத்தாழ 20 அறிகுறிகளுக்கு மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அறிகுறிகளைத் தணிக்க மார்ஃபின் போன்ற மருந்தைக் கொடுக்க வழிகாட்டியது. பல பத்தாண்டுகள் இதுவே நடைமுறையாக இருந்தது. அண்மைக்காலத்தில் வந்த அணுகுமுறை மூன்றே கேள்விகளைக் கேட்கிறது: குழந்தை போதிய அளவு பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது கலையாமல் தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? இவற்றில் குறை தெரிந்தால் வெளிச்சத்தையும் ஓசையையும் குறைத்து, தாயின் மார்போடு அணைத்து, அடிக்கடி பாலூட்டிப் பார்க்கிறார்கள். மருந்து அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் 1,305 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2023இல் வெளியான ஆய்வில், வீடு திரும்பத் தகுதி பெறும் காலம் சராசரியாக 14.9 நாள்களிலிருந்து 8.2 நாள்களாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்ட குழந்தைகளின் விகிதம் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாக இறங்கியது. தாயின் அணைப்பை ஒரு சிகிச்சையாகவே கருத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

கர்ப்பிணி ஒருவர் ஓபியாய்டைத் திடீரென நிறுத்துவது நல்லதென்று தோன்றலாம். ஆனால் அப்படி நிறுத்துபவர்களில் பலர் மீண்டும் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவதாலும், அப்போது அளவு மீறி உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதாலும், உலக சுகாதார நிறுவனம் 2014இல் ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோனையோ புப்ரெனார்ஃபினையோ மருத்துவக் கண்காணிப்பில் தொடர்வதையே பரிந்துரைத்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில், புப்ரெனார்ஃபின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு 89 சதவீதம் குறைவான மார்ஃபினே போதுமானதாக இருந்தது. இந்த மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவிலேயே கலக்கின்றன. ஆகவே சிகிச்சையில் நிலைபெற்ற தாய், வேறு மருத்துவத் தடைகள் இல்லாதவரை, தாராளமாகப் பாலூட்டலாம். அப்படிப் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு மருந்தின் தேவையும் குறைகிறது.