சிர்கோனியா கேப் கழன்று விழுவது ஏன்?

கழன்ற கேப்பை, அதாவது பல்லின் மேல் மாட்டும் உறையை, டிஷ்யூ பேப்பரில் மடித்துக்கொண்டு வருபவர்களிடம் முதலில் அதன் உட்புறத்தைத்தான் பார்ப்பேன். சிமென்ட் முழுக்கப் பல்லிலேயே தங்கி, கேப்பின் உள்ளே பளிச்சென்று இருந்தால், சிமென்ட் சிர்கோனியாவைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். தயவுசெய்து வீட்டில் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள். கேப் சற்றே தூக்கி உட்கார்ந்துவிடும். அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

சிர்கோனியா என்பது சிர்கோனியம் ஆக்சைடு. பார்க்கப் பீங்கான் போல இருந்தாலும் அதில் கண்ணாடிப் பகுதி இல்லை. அதனால் பீங்கான் கேப்பைச் சொரசொரப்பாக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் நாங்கள் வழக்கமாக வைக்கும் நேரத்துக்குள் இதை ஒன்றும் செய்யாது. இங்கே கைகொடுப்பது எம்டிபி என்ற கரிம மூலக்கூறு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பல் சிகிச்சைக்கென்றே உருவாக்கியது. அதன் ஒரு முனையில் பாஸ்பேட். அது ஆக்சைடின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு வினைபுரிந்து, ஆக்சிஜன் வழியாகச் சிர்கோனியத்தோடு பிணைகிறது. மறுமுனையில் மெத்தக்ரிலேட் என்ற தொகுதி, அது பிளாஸ்டிக் வகையான ரெசின் சிமென்டோடு சேர்ந்து இறுகிவிடும். நடுவில் 10 கார்பன் கொண்ட சங்கிலி, தண்ணீரை அண்டவிடாது.

சிக்கல் எச்சிலில் இருக்கிறது. எச்சிலிலும் பாஸ்பேட் உண்டு. கேப்பை வாயில் வைத்து அளவு பார்க்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே அது போய்ச் சிர்கோனியாவில் ஒட்டிக்கொள்ளும். எம்டிபி வந்து சேரும்போது உட்கார இடம் இருக்காது. தண்ணீரில் அலசினால் போகாது. பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் தடவிக் கழுவுவது இன்னும் மோசம், அதுவே பாஸ்பேட்தானே! இளம் மருத்துவர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அளவு பார்த்த பிறகுதான் சுத்தம் செய்ய வேண்டும். 50 மைக்ரான் அலுமினாத் துகளைக் குறைந்த அழுத்தத்தில் பீய்ச்சலாம். இல்லையென்றால் சிர்கோனியாவுக்கென்றே வரும் துப்புரவுக் கரைசலைப் பூசிக் கழுவி உலர்த்தலாம். அதன் பிறகே எம்டிபி ப்ரைமர் (சிமென்டுக்கு முன் பூசும் எம்டிபி கலந்த திரவம்), கடைசியாகச் சிமென்ட். கேப் ஒட்டும்போது இந்த வரிசையை உங்கள் மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

பல் போதிய உயரத்தோடு இருந்தால் சாதாரண கிளாஸ் அயனோமர் சிமென்டே போதும். கேப்பைப் பல்லின் வடிவமே தாங்கிக்கொள்ளும். தேய்ந்து குட்டையாகிவிட்ட கடைவாய்ப் பல்லில் அந்தப் பிடிமானம் கிடைக்காது. அங்கே மட்டும் ப்ரைமரை விட்டுவிட்டு ஒட்ட நான் சம்மதிக்கவே மாட்டேன்.