சார்காய்டு: தமிழில் ஊன்கழலை

கோலாலம்பூர் பக்கம் குதிரை லாயங்களில் வேலை செய்யும் நம்மவர்கள், குதிரையின் உடம்பில் எது தடித்தாலும் ‘கட்டி’ என்பார்கள். சொரசொரப்பாக இருந்தால் ‘மரு’. மலாய்க்காரர்களுக்கு அது ‘கெதுலான்’. ஆனால் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு எழுதும் சொல் பல நேரம் ‘சார்காய்டு’. குதிரைக்கு வரும் தோல் கழலைகளில் உலகெங்கும் அதிகம் காணப்படுவது இதுதான்.

கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை, ஊன். ‘எய்டோஸ்’ என்றால் வடிவம். இரண்டும் சேர்ந்து ‘ஊன் போன்றது’ என்று பொருள் தருகின்றன. 1936இல் தென்னாப்பிரிக்காவில் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குதிரையின் இந்த நோயைத் தனியாக விவரித்து இந்தப் பெயரில் எழுதினார். மனிதர்களுக்கு வரும் ‘சார்காய்டோசிஸ்’ வேறு நோய். வேர்ச்சொல் மட்டும்தான் ஒன்று.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கட்டி’ போதாது. சீழ்க்கட்டியும் கட்டிதான், பூச்சி கடித்த வீக்கமும் கட்டிதான். ‘புற்று’ என்றால் உள்ளுறுப்புகளுக்குப் பரவும் என்ற பயம் வந்துவிடும். சார்காய்டு அப்படிப் பரவுவதில்லை. ஆனால் இருக்கும் இடத்திலேயே ஆழமாக வேர்விடும், வெட்டினாலும் திரும்ப முளைக்கும். ‘முன்கழுத்துக் கழலை’ என்று பாடநூல்களில் படித்திருப்போமே, அந்தக் ‘கழலை’தான் இங்கே பொருந்தும். ஆகவே ‘ஊன்கழலை’ என்பதே என் பரிந்துரை.

‘மரு’ என்று சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் 1, 2 ஆம் வகைகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. ஈக்கள் அதைக் கொண்டுவரலாம் என்று கருதுகிறார்கள். ஆனால் மாட்டு மரு பெரும்பாலும் தானாக உதிர்ந்துவிடும். குதிரையின் ஊன்கழலை அப்படிப் போவது அரிது. ‘மருதானே, விழுந்துடும்’ என்று விட்டுவிட்ட குதிரைகளுக்குத்தான் பிறகு பெரிய பாடு.

தோற்றமும் ஏமாற்றும். ஒன்று, முடி உதிர்ந்து படர்தாமரை போல வட்டமாகத் தெரியும். இன்னொன்று தோலுக்கடியில் உருண்டையாக நகரும். மற்றொன்று பச்சைப் புண்ணாகச் சதை தள்ளி நிற்கும். கண்ணோரம், காது, மார்பு, தொடை இடுக்கு, ஆண்குறி உறை ஆகிய இடங்களில் அதிகம் வரும். காலில் ஆறாத காயம் கூட இதுவாக மாறலாம்.

அதனால் நூல் கட்டி இறுக்குவது, பிளேடு வைப்பது, எரியும் களிம்பைப் பூசுவது எதுவும் வேண்டாம். சீண்டினால் சில ஊன்கழலைகள் மளமளவென்று வளரும். சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பதா என்பதைக்கூட மருத்துவர் யோசித்துத்தான் முடிவு செய்வார். சிறியதாக இருக்கும்போதே அழைத்தால் லேசர், உறைய வைத்தல், மருந்தூசி என்று வழிகள் பல. கண்ணோரக் கழலைக்கு, நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பு மருந்தையே ஊசியாகச் செலுத்துவதுண்டு. அந்தக் கழலை கண்ணிமையைத் தின்ற பிறகு வெட்டி எடுத்தால், சேர்த்துத் தைக்கத் தோல் மிஞ்சாது.

குதிரையைத் தேய்க்கும்போது கையில் தட்டுப்படும் புதிய தடிப்பை, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, தேதியோடு மருத்துவருக்கு அனுப்புங்கள். வெள்ளை, சாம்பல் நிறக் குதிரையின் வாலடியில் கரிய உருண்டை தெரிந்தால் அது ‘மெலனோமா’, அதாவது கருங்கழலையாக இருக்கலாம். அதற்கு மருத்துவமே வேறு.