ஃபுட்சால்: சொல்லுக்குள் ஒரு கூடம்

ஃபுட்சாலை ஆங்கிலச் சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது போர்ச்சுகீசிய, ஸ்பானிய மொழிகளிலிருந்து வந்தது. போர்ச்சுகீசிய மொழியில் ‘ஃபுட்டெபோல் டி சலாவ்’, ஸ்பானிய மொழியில் ‘ஃபுட்போல் சாலா’ என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: கூடத்தில் ஆடும் கால்பந்து. அதன் சுருக்கமே ஃபுட்சால்.

முன்பாதி, ஆங்கில ‘ஃபுட்பால்’ கடல் கடந்து போய் அங்கே தேய்ந்த வடிவம். பின்பாதிதான் சுவையானது. ‘சாலா’ என்றால் அறை, கூடம். ‘சலாவ்’ என்றால் பெரிய கூடம். பிரெஞ்சு ‘சலோன்’, ஆங்கில ‘சலூன்’ எல்லாம் இதே குடும்பம். முடிவெட்டும் கடையை நாம் சலூன் என்கிறோமே, அந்தச் சொல்லும் ஃபுட்சாலின் பின்பாதியும் பங்காளிகள்! பாடசாலையில் வரும் ‘சாலை’யோடும் உறவு சொல்ல ஆசை வரும். ஆனால் அது வெறும் ஒலி ஒற்றுமை. ‘சாலா’ ஜெர்மானிய மொழிகளின் வழியே வந்த சொல்.

ஆட்டம் தொடங்கியது 1930இல், உருகுவே தலைநகர் மான்டிவிடியோவில். அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இதை உருவாக்கினார். உருகுவே முதல் கால்பந்து உலகக் கோப்பையை நடத்தி, வென்றதும் அதே ஆண்டில்தான். அணிக்கு 5 பேர், 40 நிமிடம் என்பதைக் கூடைப்பந்திலிருந்தும், கோல் சட்டத்தின் அளவைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலிலிருந்தும், கோல்காப்பாளருக்கான விதிகளை வாட்டர் போலோவிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

விதிகளைப் பார்த்தால், சொல்லில் இருக்கும் கூடம் ஒவ்வொன்றிலும் தெரிகிறது. சர்வதேச ஆட்டங்களுக்குத் தளம் பொதுவாக 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். சிறிய இடத்தில் சாதாரணக் கால்பந்து எகிறிக்கொண்டே இருக்கும். அதனால் அதைவிடச் சிறிய 4ஆம் எண் பந்து, துள்ளலும் குறைவு. 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட முழங்கால் உயரம். பந்து காலடியிலேயே கிடப்பதால், உள்ளங்காலால் அதை அழுத்தி இழுத்து எதிராளியை ஏமாற்றுவது இந்த ஆட்டத்தின் தனி அழகு.

எதிரணிக் கோலருகே முன்கூட்டியே போய் நின்று பந்து வாங்குவதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதி கிடையாது. மாற்று வீரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இறங்கலாம். பாதிக்கு 20 நிமிடம். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிற்கும். பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதில்லை, கோட்டில் வைத்து உதைக்க வேண்டும். அதற்கு 4 வினாடிதான். நடுவர் கையைத் தூக்கி விரல்விட்டு எண்ணுவதைப் பார்க்கும்போது நமக்கே பதற்றம் வந்துவிடும். 4 வினாடியைத் தாண்டினால் பந்து எதிரணிக்கு.

எனக்கு மிகவும் பிடித்த விதி, தவறுகளைக் கணக்கு வைப்பது. நேரடி ஃப்ரீ கிக்குக்கு, அதாவது நேராகவே கோல் அடிக்கக்கூடிய தண்டனை உதைக்கு, உரிய தவறுகளை அணிவாரியாக, பாதிவாரியாகக் கூட்டுவார்கள். 5 வரை, உதைக்கு எதிரே வீரர்கள் வரிசையாக நின்று தற்காப்புச் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். 6ஆவதிலிருந்து சுவரே கிடையாது. கோலிலிருந்து 10 மீட்டரில் உள்ள புள்ளியிலிருந்து, எதிரே கோல்காப்பாளர் மட்டும் நிற்க, உதைக்கலாம். தவறு அதைவிடக் கோலுக்கு அருகே நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்தும் உதைக்கலாம். மோதித் தள்ளி ஆடும் அணியை இந்த ஒரு விதியே அடக்கிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உள்ளரங்கக் கால்பந்து’ என்று எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் ஆடலாம் என்கிற இன்டோர் சாக்கர் வேறு ஆட்டம். அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும். ஃபுட்சாலில் சுவர் இல்லை, கோடு உண்டு. திறந்தவெளிக் கடினத் தளத்திலும் ஆடுகிறார்கள். ‘ஐவர் கால்பந்து’ என்றாலும் இதே குழப்பம். ஐந்து பேர் ஆடும் எல்லாமே ஃபுட்சால் அல்ல. நேர் மொழிபெயர்ப்பாகக் ‘கூடப்பந்து’ என்று வைத்தால், ஒற்றை எழுத்து மாறினாலே கூடைப்பந்து ஆகிவிடும். ‘கூடக் கால்பந்து’ என்றால் ‘கூட’ வேறு பொருள் தந்துவிடுகிறது.

‘அரங்கக் கால்பந்து’ என்பதே என் தேர்வு. மூலச்சொல்லின் கூடம் அதில் இருக்கிறது. ‘உள்’ என்ற கட்டாயம் இல்லை. முதல் முறை எழுதும்போது ‘அரங்கக் கால்பந்து எனும் ஃபுட்சால்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம் எது வசதியோ அதையே தொடரலாம். பக்கக் கோட்டிலிருந்து உதைப்பதைக் ‘கோட்டு உதை’ என்றும், கூட்டிவரும் தவறுகளைத் ‘திரள் தவறுகள்’ என்றும் சொன்னால் வர்ணனை செய்பவர்களுக்கும் வாயில் தடையின்றி வரும்.